மேல்தட்டில் வைத்த குரல்

வார்த்தை இல்லாமலே அவருக்குப் பேச்சு விளங்கும். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

போடிமெட்டுக்கு மேலே அவருடைய அப்பாவின் ஏலத்தோட்டத்தில் நான் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டோர் என்றால் சாமான் வைக்கிற அறை இல்லை. பச்சை ஏலக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, வெளியே விறகடுப்பு எரித்து, அந்தச் சூட்டைத் தகரக் குழாய் வழியாக உள்ளே ஓடவிட்டுக் காயை உலர்த்துகிற கட்டிடம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அந்த வேலையும் முருகனும்தான் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த முதலாளிக்கு வாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அயர்லாந்தில் ஆராய்ச்சிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரே மகனுக்குத் தந்தி கொடுத்தோம். வந்து இறங்கியவரிடம் துணிமணி ஒரு பை, டேப்புச் சுருள்கள் ஒரு பெட்டி நிறைய, பேட்டரியில் ஓடும் டேப்பு மெஷின் ஒன்று.

முதலாளிக்கு வாயில் "ஆ" தவிர வேறு எதுவும் வராது. தண்ணீர் வேண்டுமென்றாலும் "ஆ", முதுகு அரித்தாலும் அதே "ஆ". நாங்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அவர் கோபத்தில் அழுவார். மகன் வந்த மூன்றாம் நாள், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி "ஆ" என்றார்.

"சன்னலச் சாத்தச் சொல்றாருண்ணே."

சாத்தினேன். முதலாளி முகத்தில் அத்தனை நாள் காணாத ஒரு தெளிச்சல்.

"எப்படித் தம்பி கண்டீங்க?"

"அப்பா சொல்லைத்தாண்ணே விட்டுட்டாரு. ராகத்த விடல."

வயதில் சின்னவர் என்பதால் தம்பி என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். முதலாளி மகன் ஸ்டோர்காரனை அண்ணே என்று கூப்பிடுவது அந்த மலையில் அப்போது வழக்கமில்லை.

அவருடைய படிப்பு என்னவென்று எனக்கு விளங்க ஒரு மாதம் பிடித்தது. அயர்லாந்துக்காரர்களுக்கு இங்கிலீஷ் தவிரச் சொந்தமாக ஒரு பாஷை உண்டாம். ஐரிஷ் என்று பெயர். ஓரஞ்சாரத்துக் கடற்கரைக் கிராமங்களில்தான் அது இன்னும் வீட்டுப் பேச்சாக இருக்கிறதாம். அந்தப் பேச்சில் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே காற்றாகிறது, எங்கே கரகரக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் ஆராய்ச்சி. அங்கே கல்லூரியில் மெஷினே அந்த ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து கொடுக்குமாம். இங்கே மெஷினுக்கு எங்கே போக? வாயில் ஒரு சின்னச் சுருதிக் குழலை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டு, ஒரு வாக்கியத்தைப் பத்துத் தடவை ஓடவிட்டு, பென்சிலால் காகிதத்தில் கோடு வரைவார். நம் கணவாய் ரோடு மாதிரி வளைந்து வளைந்து போகும். தோட்டத்து ஆட்கள் அவருக்குக் 'கோடு மொதலாளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"இந்தக் கோட்ட வச்சு என்ன தம்பி செய்றது?"

"ஒரு காலத்துல மெஷினு பேசும்ணே. எழுதிக் குடுத்தா வாசிக்கும்."

"மெஷினா? யாரு குரல்ல?"

"அதாண்ணே சங்கதி. அந்தப் பாஷை பேசுற கெழடு கட்டைக ஒவ்வொண்ணாப் போயிக்கிட்டு இருக்கு. நாளைக்கு ஒரு பிள்ளை மெஷினுகிட்டதான் கத்துக்கிறணும்னு ஆனா, அந்த மெஷினு இங்கிலீஷ்காரன் படிச்சுக் காட்டுற மாதிரி பேசக்கூடாது. சொல்லு சரியா இருக்கும், உசுரு இருக்காது. அந்த ஊரு ஆத்தா பேசுற மாதிரிப் பேசணும்."

இது எனக்கு உடனே பிடிபட்டது. மந்திரத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னாலும் ஸ்வரம் தப்பினால் பலன் இல்லை என்பார்கள். அப்படித்தான் போல என்று எடுத்துக்கொண்டேன். சொன்னேன். "அதேதாண்ணே!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

அவர் உயிராக வைத்திருந்தது நாலு சுருள். வடக்கே ஒரு கடலோரத்துக் கிராமத்தில், ஆடு வளர்த்துக் கம்பளி பின்னுகிற ஒரு கிழவி பேசியது. தந்தி கிடைத்த வாரத்தில் பதிவு செய்தது. மற்றச் சுருள்களுக்கெல்லாம் அங்கே பிரதி இருந்தது, இந்த நாலுக்குக் கிடையாது. பிரதி எடுக்க நேரமில்லாமல் விமானம் ஏறியிருக்கிறார். கிழவிக்கு எண்பதுக்கு மேல்.

காய் எடுக்கிற பெண்கள் மழைக்கு ஒதுங்கினால் பங்களா வராந்தாவில் நிற்பார்கள். ஒருநாள் அப்படி நிற்கும்போது உள்ளே கிழவியின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சி என்று ஒருத்தி, ராசிங்காபுரத்துக்காரி, கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"பாவம்டி, இந்தக் கெழவிக்கு யாரோ செத்துப் போயிருக்காக."

தம்பி மெஷினை நிறுத்திவிட்டு வெளியே ஓடி வந்தார். "என்ன சொன்னீங்க? யாரு சொன்னா?"

பேச்சி பயந்துபோனாள். "ஒண்ணுமில்ல மொதலாளி, சும்மா வாய் தவறி..."

"இல்லக்கா, சரியாச் சொன்னீங்க. அவுங்க தம்பி கடல்ல முங்கிச் செத்தாரு. அதத்தான் சொல்றாங்க. எப்படித் தெரிஞ்சுச்சு?"

"எழவு சொல்றவுக வேற எப்படிச் சொல்லுவாக?" என்றாள் பேச்சி.

அன்றிலிருந்து மழை வந்தால் வராந்தாவில் அதே வேலைதான். ஒவ்வொரு துண்டாகப் போட்டுக் காட்டி, "இது கேக்குறதா, சொல்றதா?" என்பார். வடக்கத்திக் கிழவிக்கு எல்லாமே "கேக்குறா" என்றார்கள். அந்த வடக்கு வட்டாரத்தில் சாதாரணமாகச் சொல்வதும் கடைசியில் ஏறித்தான் முடியுமாம், தெற்கே அதே பாஷை இறங்கி முடியுமாம். பேச்சி விடவில்லை. "அது என்ன ஓயாமக் கேட்டுக்கிட்டே இருக்கா? புது மருமக வீட்டுக்கு வந்திருக்கா போல!" பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். கட்டிலில் கிடந்த முதலாளிகூட "ஆ" என்றார். அது சிரிப்பு என்று தம்பி சொன்னார்.

அவர் முன்னால் பொய் சொல்ல முடியாது என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. ஒருநாள் ஜீப்பு டிரைவர் மத்தியானம் வந்து நின்று, "பிரேக்கு சரியில்ல மொதலாளி, அதான் லேட்டு" என்றார். தம்பி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "பிரேக்கு நல்லாத்தாண்ணே இருக்கு. வீட்டுல அக்காகூடச் சண்டையா?" என்றார். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று கையை விரித்தேன். அதன் பிறகு அவரிடம் பேச வருகிறவர்கள் கள் குடித்தவன் அடியெடுத்து வைக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக அளந்து வைப்பார்கள்.

என்னை மட்டும் அவர் ஒரு தடவைகூடக் கண்டுபிடித்ததில்லை. என்னிடம்தான் பொய்யே இல்லையே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை முருகன் ஐப்பசியில் பார்த்துக்கொண்டான்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும். செருப்பில் பூசணம், சாமி படத்தில் பூசணம். முதலாளிக்குச் சளி பிடித்துக் காய்ச்சல் கண்டது. தம்பி அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஜீப்பில் ஏறும்போது என்னிடம் சொன்னது ஒரே சொல்தான்.

"அண்ணே, சுருள் மேல ஈரம் படாமப் பாத்துக்கங்க. உங்கள நம்பித்தான் வச்சுட்டுப் போறேன்."

நான் சஷ்டி விரதத்தில் இருந்தேன். ஆறாம் நாள், சூரசம்ஹாரத்தன்று காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அந்த நாலு சுருளின் அட்டைப்பெட்டிகளிலும் வெள்ளை படர்ந்திருந்தது. உள்ளே தகரச் சக்கரத்தின் ஓரத்திலும் லேசாக ஒரு வெள்ளை. ஈரம் பிடித்த பொருளை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? இருபது வருஷமாக ஈரத்தை எடுக்கிறதுதானே என் பிழைப்பு! அப்போதுதான் ஒரு லோடு காயை இறக்கியிருந்தோம். இறக்கிய பிறகு ஸ்டோருக்குள் ஒரு இளஞ்சூடு நிற்கும், கைக்குழந்தையைக்கூடப் படுக்கப் போடலாம். சுருள்களை அட்டையிலிருந்து எடுத்து, சுத்தமான வேட்டித் துணியை விரித்து, மேல்தட்டில் வரிசையாக வைத்தேன். ஒரு மணி நேரம் இருக்கட்டும், எடுத்துவிடலாம் என்பது நினைப்பு.

அதற்குள் கோவிலுக்குப் போகிற ஜீப்பு வந்து ஆரன் அடித்தது. ஆறு நாள் பட்டினி, மனசெல்லாம் முருகன். கதவைச் சாத்திவிட்டு ஓடி ஏறிவிட்டேன். போடியில் இறங்கி, கூட்டத்தில் நின்று, சூரன் தலை விழுகிற வரைக்கும் சுருள் ஞாபகமே வரவில்லை. தலை விழுந்து ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜீப்பைத் தேடி ஓடினேன்.

மேலே வந்து சேரும்போது ராத்திரி. அடுப்பு பார்க்கிற கருப்பையா புது லோடைக் கீழ்த்தட்டுகளில் பரப்பி முழுச் சூட்டில் எரித்துக்கொண்டிருந்தான். மேல்தட்டை அவன் பார்க்கவில்லை. ஸ்டோரில் சூடு மேலேதான் போய்க் கூடும். அது எனக்குத் தெரியாதா?

டேப்பு ஓரமெல்லாம் நெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"என்னண்ணே இது?" என்றான் கருப்பையா.

"யார்கிட்டயும் வாயத் தெறக்காத."

"நான் எதுக்குண்ணே சொல்றேன்? தம்பி கேட்டா?"

"கேக்க மாட்டாரு."

ஆறவைத்து, அதே பூசணம் பிடித்த அட்டைக்குள் வைத்து மூடினேன். செய்தது இதுதான். மறைத்துச் சொல்ல இனி ஒன்றுமில்லை.

நாலு நாள் கழித்துத் தம்பி வந்தார். அப்பாவைப் படுக்கவைத்த கையோடு மெஷினில் ஒரு சுருளை மாட்டினார். கிழவியின் குரல் ஒரு சாண் ஓடியது, இழுத்தது, முனகியது, நின்றது. மறுபடியும் ஓட்டினார். மறுபடியும் முனகல். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"மழைதான் தம்பி. எவ்வளவோ பாத்தேன். பூசணம் பிடிச்சிருச்சு."

"வேற ஒண்ணும் ஆகலையே? யாரும் எடுக்கலையே?"

"முருகன் சத்தியமா இல்ல தம்பி. வச்ச எடத்துலதான் இருந்துச்சு."

விரதம் முடித்த வாயால் இதைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோடு போடுகிறார், என் குரலை உள்ளுக்குள் கோடு போடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு கண்ணைத் திறந்து, "மழைய என்ன செய்ய முடியும்ணே? போய்ச் சாப்பிடுங்க, வாடிப் போயிருக்கீங்க" என்றார்.

கண்டுபிடித்துவிட்டார், மன்னித்தும் விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே டிரைவரிடம் சொல்லிப் போடியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிவரச் செய்தார். பூசணத்தை விட்டுவைத்தால் நாளுக்கு நாள் தின்றுகொண்டே போகுமாம். மெதுவாகச் செய்ய நேரமில்லை என்றார். சாணுக்குச் சாணாக டேப்பை இழுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தார். பஞ்சு செம்மண் நிறமாயிற்று. "இந்தச் செவப்புலதாண்ணே குரல் இருக்கு. கொஞ்சம் போகத்தான் செய்யும். தொடைக்கலேன்னா மிச்சமும் போயிரும்." மூன்று நாள் துடைத்தார். நான் பக்கத்தில் பஞ்சு பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆமாம், நான்தான் கொடுத்தேன். தெரிந்துதானே துடைக்கிறார், அவர் பாஷையில் இதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

துடைத்து முடித்தபோது நாலு சுருளிலும் ஒன்றும் இல்லை. வெறும் இரைச்சல், நடுவில் எப்போதாவது ஒரு இருமல்.

அதன் பிறகு பல வாரம் அவர் கிழவியை வாயால் முனகிப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தை இல்லை, ஏற்ற இறக்கம் மட்டும். ஞாபகத்திலிருந்து கோடு போட முயன்றார். ஒருநாள் காகிதத்தையெல்லாம் கட்டி வைத்துவிட்டார். "நான் முனகுறது என் முனகலாத்தாண்ணே வருது. இது அவுங்க கோடு இல்ல. இத அனுப்புனா பொய்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு நான் எழுந்து அடுப்பைப் பார்க்கிற சாக்கில் போய்விட்டேன்.

அவருக்கு மேலே இருந்த பேராசிரியை அம்மாவுக்குக் கடிதம் எழுதி, தபாலில் சேர்க்க என்னிடம்தான் தந்தார். "என்னோட கவனக்குறைவால போச்சுன்னு எழுதியிருக்கேண்ணே" என்றார். மழை என்று எழுதவில்லை. என் பெயரும் எழுதவில்லை. அதையும் நான் மன்னிப்பின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அந்த அம்மா நல்ல மனுஷி போல. திரும்பி வா, கிழவி இருக்கிறாள், மறுபடி பதிவு செய்யலாம் என்று பதில் எழுதினார்கள். அப்பாவை விட்டு எப்படிப் போவார்? அந்த "ஆ"வுக்கு அர்த்தம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போயிற்று. முதலாளி அதன் பிறகு நாலு வருஷம் கிடந்து, மகன் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார். காரியங்கள் முடிந்து, தோட்டத்தைக் கைமாற்றிவிட்டு, அயர்லாந்துக்குக் கடிதம் போட்டார் தம்பி. கிழவி முந்தின குளிர்காலத்தில் செத்துப்போனாள் என்று பதில் வந்தது.

அவர் போகவில்லை. போடியில் ஒரு வாடகை வீடு பிடித்து, பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் மலையை விட்டு இறங்கிவிட்டேன். அந்த வருஷங்களில் நான் பழனிக்கு நடந்தேன், மொட்டை போட்டேன், கோவில் பிராகாரத்தில் உருண்டேன். முருகனிடம் சொல்லாத நாளில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு சஷ்டிக்கு மறுபடி மாலை போடப் போனபோது என் வீட்டுக்காரி வாசலில் மறித்துக்கொண்டாள். அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தேன்.

"சாமிகிட்ட ஆயிரம் தடவ சொல்லியாச்சு. அது சாமியோட டேப்பா?"

"அவருக்குத் தெரியும்டி. அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டாரு."

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? சொல்ல வேண்டியது உங்க வாயி. மொதல்ல அங்க போயிட்டு வாங்க. மாலை பெறகு போட்டுக்கிறலாம்."

போனேன். டியூசன் பிள்ளைகள் போகிற நேரம். என்னைக் கண்டதும், "அண்ணே! வாங்க வாங்க" என்று எழுந்து பாயை உதறிப் போட்டார். தலை நரைத்துவிட்டது. தானே காப்பி போட்டுக்கொண்டு வந்தார். நான் டம்ளரைத் தொடவில்லை.

"தம்பி, உங்களுக்குத் தெரிஞ்ச விசயந்தான். இருந்தாலும் என் வாயால சொல்லிறணும். அந்த நாலு சுருளு மழையில போகல. நாந்தான் ஸ்டோருக்குள்ள வச்சேன். சஷ்டிக்குப் போற அவசரத்துல மறந்துட்டேன். கருப்பையா தெரியாம அடுப்ப எரிச்சுட்டான்."

அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கே என் குரல்ல கண்டிருப்பீங்க. பெரிய மனசு, கேக்காம விட்டுட்டீங்க."

"இல்லண்ணே" என்றார். "எனக்குத் தெரியாது."

"கண்ண மூடிக் கேட்டீங்களே தம்பி?"

"அழுகை வந்துச்சுண்ணே. அதான் மூடுனேன்."

அவரே மேலும் சொன்னார், மெதுவாக, பாடம் சொல்கிற மாதிரி. "வெளியாளு பேசுனா அந்தக் காது தானாத் தெறந்துக்கிரும். அப்பாகிட்டயும் உங்ககிட்டயும் நான் அப்படிப் பேச்ச அளந்ததே இல்ல. அப்பாவுக்குச் சொல்லு இல்ல, அதனால ராகத்தக் கேட்டேன். நீங்க சொன்னீங்க, நீங்க சொன்ன சொல்ல மட்டும் நான் கேட்டுக்கிட்டேன்."

அவர் காலில் விழப் போனேன். "வயசுல பெரியவரு நீங்க" என்று தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அத்தனை வருஷமும் மன்னிக்கப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறேன். அவருக்கு அது தெரிய அன்றுதான் முதல் நாள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எவ்வளவு நேரம்ணே உள்ள இருந்துச்சு?"

"காலையில வச்சது. ராத்திரிதான் எடுத்தேன்."

மனசுக்குள் எதையோ கூட்டிப் பார்க்கிற மாதிரி உதடு அசைந்தது.

"சூடுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன். அப்படியே வச்சிருந்து, மாசக்கணக்கா ஆறவிட்டு, மெல்லப் பிரிச்சிருக்கலாம். கொஞ்சம் நெளிஞ்சு கேட்டிருக்கும். ஆனா கேட்டிருக்கும்." பிறகு, "ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சிருக்கக் கூடாது" என்றார்.

அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் விரல்களைப் பார்த்துச் சொன்னார்.